எஞ்சின் ரூமில் தீ: மலையகத்திலிருந்து முதற்கப்பல் ஏறுவோருக்கு

லயத்தில் ஒரு காம்பராவில் தீப்பிடித்தால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். மின்னொழுக்கோ அடுப்போ, காரணம் எதுவானாலும் ஒருவர் கத்தினால் போதும். அடுத்தடுத்த காம்பராக்காரர் எல்லோரும் வாளியோடு ஓடிவருவார்கள். கதவை உடைப்பார்கள், கூரைத் தகரத்தைப் பிடுங்குவார்கள், உள்ளே புகுந்து அடையாள அட்டையோ நகையோ கைக்குக் கிடைத்ததை வெளியே எறிவார்கள். தீயணைப்பு வண்டி மலைப்பாதையில் ஏறி வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். உதவிக்கு வேறு யாரும் இல்லாத இடத்தில் அந்தப் பழக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதே பழக்கத்தோடு கப்பலின் எஞ்சின் ரூமுக்குள் பாய்கிறவன் தானும் சாவான், தன்னைத் தேடி வருகிறவனையும் சாகடிப்பான்.

கப்பலில் வரிசை வேறு. முதலில் சொல்ல வேண்டும். பிறகு வெளியேற வேண்டும். எல்லோரும் வந்துவிட்டார்களா என்று எண்ண வேண்டும். கதவையும் காற்றையும் எண்ணெயையும் அடைக்க வேண்டும். அணைப்பது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். பதற்றத்தில் இந்த வரிசை தானாக வராது, ஊரில் பழகியதுதான் முந்திக்கொண்டு வரும். ஹட்டன், மஸ்கெலியா, பதுளை, பண்டாரவளைப் பக்கங்களிலிருந்து வைப்பராக, ஆயிலராக, ஃபிட்டராக, எஞ்சின் கெடெட்டாக முதன்முதல் போகிறவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். அவசர நேரத்தில் யார் எங்கே, என்ன வேலை என்று எழுதிய உங்கள் கப்பலின் மஸ்டர் லிஸ்டோ சீஃப் எஞ்சினியரின் கட்டளையோ இங்கே உள்ளதோடு மாறுபட்டால், அதன்படியே நடவுங்கள்.

ஊரில் இருக்கும்போதே

அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி இல்லாமல் கப்பலேற முடியாது. கடலில் உயிர் தப்புவது, தீத்தடுப்பும் தீயணைப்பும், முதலுதவி, தனிப்பட்ட பாதுகாப்பு என்று அதில் நான்கு பகுதிகள். கொழும்புப் பக்கம் போய், தங்கிப் படிக்க வேண்டியிருக்கும். சான்றிதழுக்குத்தானே என்று கடைசி வரிசையில் ஒதுங்கி நிற்காதீர்கள். புகை அறைக்குள் மூச்சுக்கருவி மாட்டி அனுப்பும்போது ஒருமுறைக்கு இரண்டுமுறை போகக் கேளுங்கள். முகமூடி போட்டதும் நெஞ்சு அடைப்பதுபோல் இருந்தால் அங்கேயே ஆசிரியரிடம் சொல்லுங்கள். அந்தப் பயம் பழக்கத்தில் தணியும். மறைத்து வைத்தால் நடுக்கடலில்தான் வெளியே வரும்.

நம் பக்கத்துப் பிள்ளைகளில் பலருக்கு நீச்சல் வராது. காசல்ரீயும் மவுஸ்ஸாகலையும் கண்ணெதிரே கிடந்தாலும் அவை இறங்கிப் பழகும் தண்ணீர் அல்ல. கொழும்பில் தங்கும் நாட்களில் எப்படியாவது ஒரு நீச்சல் தடாகத்துக்குப் போய்ப் பழகிவிடுங்கள். எஞ்சின் ரூம் தீ கைமீறினால் அடுத்த கட்டளை கப்பலைக் கைவிடுவதுதான்.

கட்டளைகள் ஆங்கிலத்தில் வரும். அதிலும் பிலிப்பைன்ஸ்காரர் ஒரு மாதிரி, உக்ரைன்காரர் ஒரு மாதிரி, வட இந்தியர் இன்னொரு மாதிரி உச்சரிப்பார்கள். ஃபயர், மஸ்டர், ஹெட் கவுண்ட், ஸ்டாண்ட் பை, ட்ரிப், ஷட், எவாக்குவேட், ரிப்போர்ட் என்ற சொற்களைக் காதில் விழுந்ததும் கால் நகரும் அளவுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். இலக்கணம் பிறகு வரட்டும். கட்டளை புரியாவிட்டால் தலையாட்டாமல் 'ரிப்பீட்' என்று கேளுங்கள். துரைக்கு முன்னால் தலையாட்டிப் பழகிய பரம்பரை நாம். கப்பலில் அது ஆபத்து.

உடுப்பு பற்றியும் ஒரு வார்த்தை. பொயிலர் சூட் பருத்தியில் இருக்க வேண்டும், உள்ளே போடும் பனியனும் பருத்தியாகவே இருக்கட்டும். நைலான், பொலியெஸ்டர் துணி சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். தாடி வளர்ப்பவர்களுக்கு இன்னொன்று: மூச்சுக்கருவியின் ரப்பர் விளிம்பு தோலோடு ஒட்டி உட்கார்ந்தால்தான் புகை உள்ளே வராது. ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கிறேன் என்றாலும் ரப்பருக்கு அது தெரியாது. தீயணைப்புக் குழுவில் உங்கள் பெயர் இருந்தால் தாடியை எடுத்துவிடுங்கள்.

ஏறிய முதல் நாள்

பையை அறையில் வைத்ததும் மஸ்டர் லிஸ்டைப் பாருங்கள். கூடுமிடம் எது, தீ நேரத்தில் உங்கள் வேலை என்ன என்று உங்கள் பதவிக்கு நேரே எழுதியிருக்கும். புதியவருக்குப் பெரும்பாலும் குழாய் இழுப்பது, காற்றுவாசல் மூடுவது, சுவரைக் குளிர்விப்பது போன்ற வேலைகள்தான் விழும். சின்ன வேலை என்று எண்ண வேண்டாம். ஒரு காற்றுவாசல் திறந்திருந்தால் மற்ற எல்லோருடைய வேலையும் வீண்.

பொது அபாய ஒலி ஏழு குறும் ஒலி, அதன் பின் ஒரு நெடும் ஒலி. தீ அலாரம் கப்பலுக்குக் கப்பல் வேறுபடலாம். எஞ்சின் ரூமுக்குள் காபனீரொட்சைட்டு விடப்போகிறார்கள் என்பதற்குத் தனி ஊதலும் சுழலும் விளக்கும் இருக்கும். இந்த மூன்றையும் பிரித்தறியத் தெரியாமல் முதல் இரவு தூங்காதீர்கள். செகண்ட் எஞ்சினியரிடம் கேட்டால் சொல்லித் தருவார்.

அடுத்தது தப்பும் வழி. எஞ்சின் ரூமின் அடித்தளத்திலிருந்து மேல்தளம் வரைக்கும் தனிச் சுவர் எழுப்பிய செங்குத்தான ஏணிக்கூடு ஒன்று இருக்கும். பொதுப் படிகள் புகை மேலேறும் வழியிலேயே இருப்பதால், தீ நேரத்தில் இந்தக் கூடுதான் கைகொடுக்கும். நீங்கள் வேலை செய்யும் ஒவ்வொரு இடத்திலிருந்தும், அதாவது எண்ணெயைச் சுத்திகரிக்கும் பியூரிஃபயர் ரூம், வேர்க்‌ஷொப், கன்ட்ரோல் ரூம், பொயிலர் மேடை என எல்லா இடத்திலிருந்தும் அங்கே போய்ப் பாருங்கள். பிறகு ஒரு கையைக் கைப்பிடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, நண்பர் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தி, திரும்பவும் போய்ப் பாருங்கள். எத்தனை படி, எந்தப் பக்கம் திருப்பம், கதவு உள்ளே திறக்குமா வெளியேயா என்பது உடம்புக்குத் தெரிய வேண்டும். எண்ணெய் எரியும் புகை கரியாய் அடர்ந்து வரும். அதில் டோர்ச் வெளிச்சமும் எடுபடாது.

போகிற வழியில் ஈ.ஈ.பி.டி. பெட்டிகள் எங்கெங்கே தொங்குகின்றன என்று பார்த்து வையுங்கள். தலையில் கவிழ்த்துக்கொள்ளும் தப்பும் மூச்சுக்கருவி அது. குறைந்தது 10 நிமிடம் மூச்சு தரும். வெளியேறுவதற்கு மட்டும். அதைப் போட்டுக்கொண்டு தீயணைக்கவோ கூட்டாளியைத் தேடவோ உள்ளே போகக் கூடாது.

இரவில் ஆளில்லாமல் ஓடும் எஞ்சின் ரூமாக இருந்தால், தனியே இறங்குகிறவர் ஆள்காவல் அலாரத்தைப் போட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். குறித்த இடைவெளியில், அதிகம் போனால் 30 நிமிடத்துக்குள், பொத்தானை அழுத்தாவிட்டால் மேலே சத்தம் எழும். தொல்லை என்று அதை அணைத்து வைக்கிறவர்களைப் பார்ப்பீர்கள். அவர்களோடு சேராதீர்கள்.

தீ எங்கிருந்து வருகிறது

எஞ்சின் ரூம் தீயில் முதற் சந்தேகம் எப்போதும் எண்ணெய்க் கசிவின் மேல்தான். சூடான பரப்பில் எண்ணெய் படுவதுதான் தொடக்கம். கப்பலில் எரிக்கும் எண்ணெயின் தீப்பற்று வெப்பநிலை 60 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பது விதி. கேட்கப் பாதுகாப்பாகத் தெரியும். ஆனால் கனத்த எண்ணெய் எஞ்சினுக்குள் போகும்போது 100 டிகிரிக்கு மேல் சூடாக்கப்பட்டிருக்கும். பைப்பில் மயிரிழை வெடிப்பு விழுந்தால் அது சொட்டாது, பனிப்புகைபோல் பீய்ச்சும். பக்கத்தில் எக்சோஸ்ட் குழாய். எண்ணெய் படக்கூடிய இடத்தில் 220 டிகிரிக்கு மேல் சூடேறும் பரப்புகளை முழுதாக மூடிப் போர்த்தியிருக்க வேண்டும் என்று கடலில் உயிர்ப்பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையான சோலாஸ் சொல்வது இதனால்தான். உயரழுத்த எண்ணெய்ப் பைப்புக்கு இரட்டைச் சுவர் வைப்பதும் இதனால்தான்.

ஆகவே சுற்றிப் பார்க்கும்போது போர்வை கழன்ற எக்சோஸ்ட், தளர்ந்த நட், நனைந்த லேகிங் (சூட்டுக் குழாய்களைச் சுற்றிய வெப்பக்காப்புப் போர்வை) இவற்றைக் கண்டால் அன்றைக்கே சொல்லுங்கள். லேகிங் எண்ணெய் குடித்திருந்தால் அது திரிதான். எண்ணெய்த் துணிகளை மூடியுள்ள இரும்புத் தொட்டியில் போடுங்கள். தரைத்தட்டுகளுக்குக் கீழுள்ள அடிப்பள்ளமான பில்ஜில் எண்ணெய் தேங்க விடாதீர்கள். பெக்டரியில் ட்ரையர் அடுப்புப் பக்கம் வேலை பார்த்தவர்களுக்கு எரிகிற வாடையும் காய்கிற வாடையும் வேறு என்பது மூக்கிலேயே தெரியும். அந்த மூக்கு கப்பலில் பெரிய சொத்து.

மூன்று கள்ள வேலைகளைப் பல கப்பல்களில் காணலாம். தானாகச் சாத்திக்கொள்ளும் தீக்கதவைக் கயிறு போட்டுத் திறந்தே கட்டி வைத்திருப்பார்கள். தொட்டி அளக்கும் குழாயின் தானியங்கி மூடியைக் கம்பி கட்டித் திறந்து வைத்திருப்பார்கள். எண்ணெய்த் தொட்டியின் விரைவு அடைப்பு வால்வு விழாதபடி மரக்கட்டை செருகியிருப்பார்கள். மூன்றும் வேலை சுலபத்துக்காக. தீ நேரத்தில் மூன்றும் கொலை. புதியவன் சொன்னால் கோபப்படுவார்களே என்று தயங்கினால் செகண்ட் எஞ்சினியரிடம் தனியே சொல்லுங்கள்.

தீயைக் கண்டவுடன்

முதல் வேலை கத்துவது. 'ஃபயர், ஃபயர், ஃபயர்' என்று குரல் கொடுத்துக்கொண்டே பக்கத்திலுள்ள தீ அலாரப் பொத்தானை உடையுங்கள். ஒரு நொடி யோசித்து, நானே அணைத்துவிடலாம், சீஃபுக்குத் தெரியவே வேண்டாம் என்று தோன்றும். அந்த எண்ணத்தை மிகவும் சந்தேகியுங்கள். பொய் அலாரத்துக்காக யாரும் வேலையை விட்டுத் தூக்க மாட்டார்கள். அலாரத்தைக் கவனிக்க ஆளில்லாமல் 2 நிமிடம் போனால் தங்குமிடம் முழுக்கத் தானாகச் சத்தம் எழும்படி கப்பல்களை அமைக்கிறார்கள். விதி எழுதியவர்களுக்கு அந்த இரண்டு நிமிடத்தின் விலை தெரியும்.

அடுத்து, போனிலோ ரேடியோவிலோ கப்பலைச் செலுத்தும் பிரிட்ஜுக்கும் கன்ட்ரோல் ரூமுக்கும் சொல்லுங்கள். மூன்று விடயம் போதும்: எங்கே, என்ன எரிகிறது, யாராவது உள்ளே இருக்கிறார்களா. 'ஃபயர் இன் பியூரிஃபயர் ரூம், ஒயில் ஃபயர், ஒன் மேன் இன்சைட்' என்று சொன்னால் கேட்பவருக்குப் படம் முழுதும் வந்துவிடும்.

அதன் பிறகுதான் கையிலுள்ள கருவியைத் தொடலாமா என்ற கேள்வி. என் அளவுகோல் இது: தீ இடுப்பு உயரத்துக்குள் இருக்க வேண்டும், புகை தலைமட்டத்துக்கு இறங்கியிருக்கக் கூடாது, வெளியேறும் வழி என் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும், இன்னொருவர் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். நான்கில் ஒன்று குறைந்தாலும் வெளியே. கையில் தூக்கும் 6 கிலோ பவுடரோ 5 கிலோ காபனீரொட்சைட்டோ அரை நிமிடத்துக்குள் காலியாகிவிடும். ஒரு கருவி காலியாகியும் தீ நிற்கிறதென்றால் இரண்டாவதைத் தேடி ஓடாதீர்கள், கதவைச் சாத்திவிட்டு வெளியேறுங்கள்.

எந்தத் தீக்கு எது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எண்ணெய்க்கு நுரை அல்லது பவுடர். நுரையை எரியும் எண்ணெய்மேல் நேரே அடித்தால் எண்ணெய் சிதறும். பின்னாலுள்ள சுவரில் அடித்து வழிந்து இறங்க விடுங்கள். சுவிட்ச்போர்டுக்கு மின்சாரத்தை வெட்டிவிட்டுக் காபனீரொட்சைட்டு. அதன் ஊதுகுழலை வெறுங்கையால் பிடித்தால் தோல் உறைந்துபோகும். சிறிய அறைக்குள் அடித்தால் உங்கள் மூச்சும் சேர்ந்து போகும், அடித்ததும் வெளியே வாருங்கள். துணி, மரம், அட்டைப்பெட்டிக்குத் தண்ணீர். எரியும் எண்ணெய்மேல் தண்ணீரைத் தாரையாகப் பாய்ச்சக் கூடாது என்பது இதில் மறக்கவே கூடாதது. வாளி தூக்கிய கை அதைத்தான் முதலில் செய்யத் துடிக்கும்.

பல கப்பல்களில் மெயின் எஞ்சின், ஜெனரேட்டர், பொயிலர் முகப்பு, பியூரிஃபயர் ஆகியவற்றுக்கு மேலே நீர்ப்பனி தெளிக்கும் முனைகள் இருக்கும். ஆள் உள்ளே இருக்கும்போதே அதை இயக்கலாம். தானாக இயங்காவிட்டால் அழுத்தும் பொத்தான் எங்கே என்று தெரிந்து வைத்திருங்கள்.

ஒரு விதிவிலக்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். எஞ்சினின் அடிப்பெட்டியான கிராங்க்கேஸின் எண்ணெய்ப்புகை அலாரம் அடித்தால் அது தீ அல்ல, வெடிப்புக்கு முன்னறிவிப்பு. எஞ்சின் பக்கக் கதவுகளுக்கு எதிரே நிற்காமல் விலகிப் போங்கள். எஞ்சினை நிறுத்திய பிறகும் அந்தக் கதவைத் திறக்க 20 நிமிடமாவது பொறுக்க வேண்டும். பல கையேடுகள் இன்னும் கூடுதலாகச் சொல்கின்றன. என்னவென்று பார்ப்போமே என்று திறந்தால் காற்று உள்ளே புகும், மற்றதை வெடிப்பு பார்த்துக்கொள்ளும்.

எண்ணிக்கை

கூடுமிடத்துக்கு வந்ததும் பெயர் கூப்பிடுவார்கள். உங்கள் பெயருக்கு நீங்கள் மட்டும் பதில் சொல்லுங்கள். 'அவனை மேலே கண்டேன்' என்று கூட்டாளிக்காகப் பதில் சொல்வது பாடசாலையில் செய்த உபகாரம். இங்கே அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் எஞ்சின் ரூமை வாயுவால் நிரப்பப்போகிறார்கள். அதேபோல் கூடுமிடத்தை விட்டு யாரிடமும் சொல்லாமல் நகராதீர்கள். போன், பாஸ்போர்ட், கடற்பணியாளர் பதிவுப் புத்தகமான சிடிசி எடுக்க அறைக்கு ஓடி, எண்ணிக்கையைக் குழப்பி, இல்லாத ஆளைத் தேடி இரண்டு பேரைப் புகைக்குள் அனுப்ப வைக்காதீர்கள். பத்திரங்கள் தொலைந்தால் கொழும்பில் வரிசையில் நின்று திரும்ப எடுக்கலாம்.

அடைப்பது

தீக்கு வேண்டியது எண்ணெய், காற்று, சூடு. எஞ்சின் ரூமுக்கு வெளியே நின்றே முதல் இரண்டையும் வெட்டலாம். விரைவு அடைப்பு வால்வுகள் தொட்டியின் வாயிலேயே எண்ணெயை நிறுத்தும். எண்ணெய்ப் பம்புகளையும் காற்றாடிகளையும் தூரத்திலிருந்து நிறுத்தும் பொத்தான்கள் தீக்கட்டுப்பாட்டு நிலையத்தில் இருக்கும். இவற்றைத் தொடுவது எஞ்சினியர்களின் வேலை. மெயின் எஞ்சினை நிறுத்துமுன் பிரிட்ஜிடம் சொல்லியாக வேண்டும். பாறைக்குப் பக்கத்திலோ கப்பல் நெரிசலிலோ இருந்தால் நிறுத்தம் இன்னொரு விபத்தாகிவிடும்.

உங்கள் பங்கு காற்று. புகைபோக்கியைச் சுற்றியுள்ள டம்பர்கள் (காற்றுவழியை அடைக்கும் தகடுகள்), காற்றாடி மூடிகள், மேற்கூரைக் கண்ணாடி வாசல், எஞ்சின் ரூம் கதவுகள் எல்லாவற்றையும் மூட வேண்டும். டம்பரின் கைப்பிடி துருப்பிடித்து இறுகியிருப்பது பழைய கப்பல்களில் வழக்கம். பயிற்சி நாளில் ஒவ்வொன்றையும் முழுதாக மூடித் திறந்து, கிரீஸ் போட்டு வையுங்கள். மூடியதை வாயால் சொல்லுங்கள்: 'நம்பர் டூ ஃபேன் டம்பர் க்ளோஸ்ட்.' மூடினேன் என்று சொல்லாத டம்பர் திறந்திருக்கிறது என்றுதான் கணக்கு.

இந்த நேரத்தில் விளக்குகள் அணையலாம். பயப்பட வேண்டாம். அவசர ஜெனரேட்டர் 45 விநாடிக்குள் தானாக எழும்ப வேண்டும். அதுவும் அவசரத் தீப்பம்பும் எஞ்சின் ரூமுக்கு வெளியேதான் வைக்கப்பட்டிருக்கும்.

மூச்சுக்கருவியோடு உள்ளே போகிறவர்கள்

ஆள் காணாமல் போயிருந்தால், அல்லது தீ இன்னும் சிறிதாக இருந்து கெப்டன் முடிவெடுத்தால், ஒரு குழு உள்ளே போகும். குறைந்தது இருவர். தனியே யாரும் இல்லை. புதியவரை முதல் குழுவில் அனுப்ப மாட்டார்கள், ஆனால் வாசலில் நின்று பெயர், நேரம், காற்றழுத்தம் எழுதும் வேலை உங்களுக்கு வரலாம். அந்தக் கணக்கு இப்படி: 6 லீற்றர் சிலிண்டரில் 300 பார் அழுத்தம் என்றால் 1800 லீற்றர் காற்று. நிமிடத்துக்கு 40 லீற்றர் என்று வைத்தால் 45 நிமிடம். ஆனால் சூட்டில், பாரத்தோடு, பயத்தோடு படியேறி இறங்குகிறவர் அதைப்போல் இருமடங்கும் இழுப்பார். 55 பார் அளவில் விசில் ஊதும். விசில் ஊதும்போது கிளம்பினால் தாமதம், ஊதும்போது வாசலில் இருக்க வேண்டும். கீழே இறங்கிப் போகச் செலவானதைவிட மேலே ஏறி வரக் கூடுதல் காற்று வேண்டும் என்பதை மலையேறிப் பழகிய நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

உள்ளே போகிறவர்களுக்குச் சில விதிகள். குனிந்து, சுவரைப் புறங்கையால் தடவி, காலால் முன்னே தட்டிப் பார்த்து நகர வேண்டும். தரைத்தட்டு கழற்றி வைத்திருந்தால் கால் நேரே பில்ஜில்தான் போகும். கதவைத் திறக்குமுன் கையுறையோடு தொட்டுச் சூடு பார்க்க வேண்டும், திறக்கும்போது கதவுக்குப் பின்னால் மறைந்து கொஞ்சமாகத் திறக்க வேண்டும். தண்ணீர் நிரம்பிய குழாய் கையில் இல்லாமல் எந்தக் கதவும் திறக்கக் கூடாது. குழாயையும் கயிற்றையும் விட்டால் திரும்பும் வழியை விட்டதாகும்.

காபனீரொட்சைட்டு

கப்பலில் எல்லோரும் சீ.ஓ.டூ என்றே சொல்வார்கள். தனி அறையில் வரிசையாக நிற்கும் 45 கிலோ சிலிண்டர்களைப் பார்த்திருப்பீர்கள். பெரிய கப்பலில் நூற்றுக்கு மேலும் இருக்கும். எஞ்சின் ரூமின் கொள்ளளவில் 35 முதல் 40 சதவீதம் வரை அந்த வாயு நிரம்பி, அதில் 85 சதவீதம் 2 நிமிடத்துக்குள் உள்ளே போய்விட வேண்டும் என்பது அமைப்பின் கணக்கு. காற்றில் 10 சதவீதத்துக்கு மேல் போனாலே மனிதன் மயங்குவான். 35 சதவீதத்தில் சில மூச்சுதான். தீயை அணைப்பதும் ஆளைக் கொல்வதும் ஒரே வாயு, ஒரே நேரம்.

அதனால் கட்டளை கெப்டனிடமிருந்து மட்டுமே வரும், சீஃப் எஞ்சினியர் நிறைவேற்றுவார். வாயுவை விடும் கட்டுப்பாட்டுப் பெட்டியின் கதவைத் திறந்ததுமே எஞ்சின் ரூமுக்குள் ஊதல் கத்தும், காற்றாடிகள் நிற்கும். எண்ணிக்கை சரி, டம்பர்கள் மூடியாயிற்று, எண்ணெய் அடைத்தாயிற்று என்பதை ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் இரண்டு வால்வுகளையும் திறப்பார்கள். அந்த ஊதல் கேட்கும்போது நீங்கள் எங்கேயாவது எஞ்சின் ரூமுக்குள் இருந்தால் கையிலுள்ளதைப் போட்டுவிட்டு வெளியேறுங்கள். ஸ்பானரை எடுத்து வைக்கும் நேரம் அது அல்ல.

பெரும்பாலான கப்பல்களில் இது ஒரேயொரு தடவைக்கு மட்டும். டம்பர் ஒன்று திறந்திருந்தால் வாயு வெளியே போகும், காற்று உள்ளே வரும், இரண்டாவது வாய்ப்பு இல்லை. அவசரப்பட்டு விடுவதும் தவறு, ஆளில்லை என்று உறுதியான பிறகும் தயங்கித் தாமதிப்பதும் தவறு. தாமதித்தால் இரும்புச்சுவர்கள் பழுத்துவிடும். பழுத்த இரும்பு வாயு கலைந்ததும் எண்ணெயைத் திரும்பவும் பற்றவைக்கும்.

காத்திருப்பு

இந்தக் கட்டம்தான் மனதுக்கு மிகக் கடினம். உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாது. ஒருவர் கதவைச் சற்றே திறந்து பார்க்கலாமே என்பார். திறக்கக் கூடாது. மணிக்கணக்கில், பல கப்பல்களில் ஒரு முழு நாள் வரை கூட, மூடியே வைத்திருப்பார்கள். அதுவரை வேலை சுவரைக் குளிர்விப்பது. தீயுள்ள பெட்டிக்கு ஆறு பக்கம்: நான்கு சுவர், மேலே, கீழே. எட்டக்கூடிய பக்கங்களிலெல்லாம் தண்ணீர் தெளித்து, வர்ணம் கொப்பளிக்கிறதா, தண்ணீர் பட்டதும் ஆவியாகிறதா என்று பார்த்து, நேரத்தோடு எழுதிக் கொடுங்கள். சுவருக்கு மறுபக்கம் சாய்த்து வைத்த அட்டைப்பெட்டி, மெத்தை, வர்ணத் தகரம் எல்லாவற்றையும் அகற்றுங்கள். இரும்புச் சுவர் வழியே சூடு கடந்து அடுத்த அறை பற்றுவது இப்படித்தான். தெளித்த தண்ணீர் எங்கே தேங்குகிறது என்றும் கவனியுங்கள். மேல்தளங்களில் தேங்கும் தண்ணீர் கப்பலைச் சாய்க்கும்.

நம் நாட்டுக் கடலிலேயே ஒரு பாடம் உண்டு. 2020 செப்டம்பர் 3ஆம் திகதி, குவைத்திலிருந்து இந்தியாவின் பரதீப் துறைமுகத்துக்குச் சுமார் 270,000 தொன் மசகு எண்ணெயோடு போன நியூ டயமண்ட் கப்பலில், அம்பாறை மாவட்டத்தின் சங்கமன்கண்டிக்குக் கிழக்கே எஞ்சின் ரூமில் தீ வெடித்தது. கப்பலிலிருந்த 23 பேரில் பிலிப்பைன்ஸ் நாட்டவர் ஒருவர் அங்கேயே உயிரிழந்தார், 22 பேர் மீட்கப்பட்டார்கள். இலங்கைக் கடற்படையும் இந்தியக் கப்பல்களும் சேர்ந்து தீயை அடக்கின. அடங்கிவிட்டது என்றிருந்த நிலையில் அது மறுபடி பற்றியது. தொட்டிகளிலிருந்த எண்ணெய் தப்பியதால் கிழக்குக் கரை தப்பியது. அடுத்த ஆண்டு கொழும்புக்கு அப்பால் எரிந்த எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலைத்தான் ஊரில் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அது சரக்கில் பிடித்த தீ, எஞ்சின் ரூம் அல்ல. எஞ்சின் ரூம் வேலைக்குப் போகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டியது நியூ டயமண்டைத்தான்.

திறக்கும் நேரம் வந்தாலும் முதலில் போவது மூச்சுக்கருவியோடு இருவர், கையில் தண்ணீர்க் குழாயோடு. காற்றாடி போட்டு நன்றாகக் காற்று மாற்றி, ஒட்சிசன் அளவு 20.9 சதவீதத்துக்கு வந்துவிட்டது என்று அளந்து காட்டிய பிறகுதான் மற்றவர்கள். வாயு கனமானது, பில்ஜிலும் தட்டுகளுக்குக் கீழும் தங்கிக் கிடக்கும். மேலே அளந்தது சரியாக இருந்தாலும் கீழே குனிந்து வேலை செய்கிறவன் விழலாம். ஆகவே அளப்பவரைக் கீழேயும் அளக்கச் சொல்லுங்கள்.

பிறகு

பாவித்த தீயணைப்புக் கருவிகளைத் திரும்பக் கொளுவியில் மாட்டாதீர்கள். படுக்க வைத்துவிடுங்கள், காலி என்று எல்லோருக்கும் தெரியும். மீண்டும் பற்றினால் ஓடிவருகிறவன் காலிக் கருவியைத் தூக்கக் கூடாது. இரவு முழுக்க தீக்காவல் இருக்கும், முறை வைத்து நில்லுங்கள்.

புகை குடித்தவர்கள் அப்போது நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் சில மணி நேரம் கழித்து மூச்சுத்திணறல் வரலாம். தலைவலி, குமட்டல், இருமல் எதுவானாலும் செகண்ட் ஒபிசரிடமோ கப்பலில் மருத்துவம் பார்ப்பவரிடமோ சொல்லி, பதிவேட்டில் எழுத வையுங்கள். ஆறு மாதம் கழித்து ஊரில் நெஞ்சு வலித்து, நட்டஈடு கேட்டுப் போனால் அந்த ஒரு வரிதான் பேசும்.

வீட்டுக்கு வட்ஸ்அப்பில் படம் அனுப்ப விரல் துடிக்கும். 'நான் நலம், கப்பலில் சின்னப் பிரச்சினை, பிறகு பேசுகிறேன்' என்று கெப்டன் அனுமதித்ததும் ஒரு வரி போதும். எரியும் கப்பலின் படம் ஒன்று தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தால் அம்மா ஒரு வாரம் சாப்பிட மாட்டார், அதோடு கம்பனியும் உங்களைத்தான் பிடிக்கும்.

கடைசியாக வாக்குமூலம். எல்லோரிடமும் எழுதி வாங்குவார்கள். கண்டதை மட்டும், நேரத்தோடு எழுதுங்கள்: எத்தனை மணிக்கு வாடை, எத்தனை மணிக்கு அலாரம், எந்தக் கதவு திறந்திருந்தது, நீங்கள் எதை மூடினீர்கள். பிறர் சொல்லிக் கேட்டதையும், யார்மேல் பிழை என்பதையும் எழுத வேண்டாம். தயாராகத் தட்டச்சு செய்த ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், ஒவ்வொரு வரியையும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். புரியாத வரியை விளக்கச் சொல்லுங்கள், சரியில்லாததைத் திருத்தச் சொல்லுங்கள். பிறகு கையெழுத்து வைத்து, ஒரு பிரதி கேட்டு வாங்குங்கள்.